ஒன்பது வயதில் வைக்கும் எலும்பு

1965இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், மனிதத் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்துப் பார்க்கத் துணிந்தார். 1950களில் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க அவர் வைத்த டைட்டானியக் கருவி, ஆய்வு முடிந்தபின் கழற்ற வராமல் எலும்போடு எலும்பாக இறுகிவிட்டிருந்தது. அந்த இறுக்கத்தைப் பல்லுக்கு வேராக்கலாமா என்பதுதான் கேள்வி. முதல் ஆளாக முன்வந்தவர் யோஸ்டா லார்சன். அண்ணப் பிளவோடு பிறந்தவர். தாடையும் ஒழுங்காக வளராதவர். அவருக்கு வைத்த திருகுகள் அவர் காலம் முடியும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தாக்குப்பிடித்தன.

இன்று சென்னையில் எந்தப் பெரிய சாலையில் போனாலும் இம்ப்ளான்ட் விளம்பரம் கண்ணில் படுகிறது. ‘ஒரே நாளில் புதுப்பல்’ என்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பத்தின் முதல் பயனாளி பிளவோடு பிறந்த ஒருவர் என்பது விளம்பரம் எழுதுபவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிளவோடு பிறந்தவர்களுக்கு இம்ப்ளான்ட் வைப்பதுதான் இன்றும் இந்தத் துறையின் கடினமான வேலைகளில் ஒன்று என்பதும் பலருக்குத் தெரியாது. திருகுக்குத் தேவை எலும்பு. பிளவு என்பதே எலும்பு இல்லாத இடம். இருபது வயதில் அங்கே ஒரு பல் நிற்குமா என்பது பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில் முடிவாகிவிடுகிறது. அந்த ஒன்பது வயதின் நிலையோ, ஒரு வயதுக்குள் அண்ணத்தை யார், எப்படித் தைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தச் சங்கிலியை முழுசாகப் பார்க்காமல் பிளவு சிகிச்சையைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

கருவின் முகம் நான்காவது வாரத்திலிருந்து உருவாகத் தொடங்குகிறது. தனித்தனி மேடுகள் வளர்ந்து நடுவில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மேலுதடும் அதன் பின்னால் முன்பற்கள் நிற்கும் எலும்பு வரம்பும் ஏழாம் வாரத்தை ஒட்டி இணைகின்றன. அண்ணத்தின் இரண்டு தகடுகள் முதலில் நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். எட்டாவது வாரம் வாக்கில் நாக்கு தாழ, இவை மேலெழுந்து படுக்கையாகி, பன்னிரண்டாம் வாரத்துக்குள் நடுக்கோட்டில் சேர்ந்துவிடும். தாய்க்குத் தான் கருவுற்றிருப்பது உறுதியாவதற்குள் உதட்டின் கதை கிட்டத்தட்ட முடிந்திருக்கும். இந்த இணைப்பு எங்கே தவறினாலும் பிளவுதான்: உதட்டில் மட்டும், அண்ணத்தில் மட்டும், அல்லது உதட்டிலிருந்து உள்நாக்குவரை ஒரே கோடாக. உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

காரணம் என்ன என்று கேட்டால் நம் ஊரில் உடனே வரும் பதில் கிரகணம். கர்ப்பிணி வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள், குழந்தைக்கு உதடு பிளந்தது என்பார்கள். மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே கிரகணத்தின்போது கர்ப்பிணிகள் வயிற்றருகே ஒரு இரும்புத் துண்டை வைத்துக்கொள்வார்கள். இரண்டு கண்டங்களிலும் பழி விழுவது தாயின் மேல். மருத்துவம் சொல்வது இவ்வளவு தெளிவானது அல்ல. ஐ.ஆர்.எஃப்.6 போன்ற சில மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. வலிப்பு நோய்க்குத் தரும் சில மருந்துகள், புகை, ஃபோலிக் அமிலக் குறைவு ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன. சொந்தத்தில் திருமணம் செய்வதோடு தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன; எல்லா ஆய்வுகளும் அல்ல. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது. அந்த நேர்மையான பதிலைவிட கிரகணம் சுலபமாக இருப்பதால்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறந்த குழந்தையின் முதல் சிக்கல் முகம் அல்ல, பால். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பு இல்லாததால் உறிஞ்சும் விசை உண்டாகாது. மார்பில் வாயை வைக்கும், இழுக்கும், ஒன்றும் வராது, களைத்துத் தூங்கிவிடும். நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை இங்கே கைகொடுக்கிறது. சின்ன மூக்கு வைத்த அந்தக் கிண்ணத்தில் பீய்ச்சிய தாய்ப்பாலை ஊற்றி, குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். விலை உயர்ந்த விசேஷ புட்டிகள் செய்வதை இது செய்துவிடும். எடை ஏறினால்தான் அறுவைக்குத் தேதி. பத்து வாரம், பத்து பவுண்டு, ஹீமோகுளோபின் பத்து கிராம் என்ற ‘பத்துகளின் விதி’ 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பத்து பவுண்டு என்பது நாலரைக் கிலோ.

உதட்டுத் தையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையோடு சென்ற ரால்ஃப் மில்லார்ட் வகுத்த முறை 1955இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. உதட்டின் ஒரு பாதியைச் சுழற்றி இறக்கி, மறுபாதியை முன்னுக்கு நகர்த்தித் தைக்கும் அந்த வழியும் அதிலிருந்து கிளைத்தவையும்தான் இன்று உலகெங்கும் நடக்கின்றன. ஒரு மணி நேர வேலை. விளைவு கண்ணுக்குத் தெரியும். முன்னும் பின்னும் எடுத்த படத்தைப் பார்த்தால் எவருக்கும் மனம் இளகும். நன்கொடை திரட்டும் அமைப்புகள் உதட்டுப் படத்தை முன்னால் வைப்பதில் ஆச்சரியம் இல்லை. உத்தரப் பிரதேசச் சிறுமி ஒருத்தியின் உதட்டு அறுவையைச் சொன்ன ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் வாங்கியது. நல்ல படம்தான். ஆனால் படம் முடிகிற இடத்தில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி தொடங்குகிறது.

அண்ணத்தைத் தைக்கும் முயற்சிக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதற்கு முன் தட்டு வைத்து ஓட்டையை அடைப்பதே வழி. பதினாறாம் நூற்றாண்டு பிரான்ஸில் அம்புருவாஸ் பாரே அப்படிப்பட்ட தட்டுகளைச் செய்தார். 1819இல் பாரிஸில் ஃபிலிபேர் ரூ என்ற அறுவை மருத்துவர், கனடாவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஜான் ஸ்டீஃபன்சன் என்ற மருத்துவ மாணவரின் மென்மையண்ணத்தை, அதாவது எலும்பில்லாத பின்பகுதியைத் தைத்தார். மயக்க மருந்து வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முந்தைய காலம் அது. தன் அண்ணத்துக்கு நடந்ததையே ஆய்வேடாக எழுதிய அந்த மாணவர், பின்னாளில் மான்ட்ரியலில் மெக்கில் மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்டவர்களில் ஒருவரானார். 1861இல் பெர்லினின் லாங்கன்பெக், எலும்பின் மேலுறையோடு சேர்த்துத் திசுவைப் பெயர்த்து நடுவுக்கு நகர்த்தலாம் என்று காட்டியபின், எலும்புள்ள முன்பகுதியான வன்மையண்ணத்தையும் மூட முடிந்தது.

ஓட்டையை மூடுவது பாதி வேலைதான். அண்ணத்தின் பின்பகுதியில் இருபுறமும் இருந்து வரும் தசைகள் நடுவில் சேர்ந்து ஊஞ்சல்போல் தொங்குகின்றன. பேசும்போது இந்த ஊஞ்சல் மேலெழுந்து பின்தொண்டையைத் தொட்டு மூக்குக்குப் போகும் வழியை அடைக்கும். பிளவில் இந்தத் தசைகள் குறுக்கே போகாமல் நீளவாக்கில் ஓடி எலும்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்துத் திருப்பி ஒன்றோடொன்று கோத்துத் தைக்காவிட்டால், பார்ப்பதற்கு மூடிய அண்ணம் இருக்கும், பேச்சு இருக்காது. 1960களின் இறுதியில் ஜெர்மனியின் கிரீன்ஸ் இதை வலியுறுத்தினார். அமெரிக்காவின் ஃபர்லோ எதிரெதிரான இரண்டு இசட் வடிவக் கீறல்களால் அண்ணத்தை நீட்டித் தசையையும் திருப்பும் வழியைச் சொன்னார். லண்டனின் பிரையன் சோமர்லாட் நுண்ணோக்கியின் கீழ் தசையைத் தேடிப் பிரிப்பதை ஒரு கலையாகவே வளர்த்தார்.

தமிழ் பேசும் குழந்தைக்கு இந்த அடைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை நம் இலக்கண நூல்களை வைத்தே சொல்லலாம். மெல்லினத்துக்கு மூக்கை இடமாகச் சொல்கிறது நன்னூல். க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் சேர வேண்டும். மூக்கு வழி திறந்திருந்தால் அழுத்தம் சேராது. ‘பப்பாளி’ என்று சொல்ல முயலும் குழந்தையின் வாயிலிருந்து ‘மம்மாளி’ போல ஏதோ வரும். பேச்சுப் பயிற்சியாளர் ஒரு சின்னக் கண்ணாடியை மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு ‘பப்பாளி’ சொல்லச் சொல்வார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது. ‘மாமா’ சொல்லும்போது படிவது இயல்பு. இரண்டுக்கும் படிந்தால் அண்ணம் வேலை செய்யவில்லை. வழி அடையாமல் போன குழந்தைகள் தாங்களாகவே மாற்று வழி கண்டுபிடித்து, ஒலியைத் தொண்டைக்குள்ளேயே வெட்டி வெட்டி உண்டாக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு உடைப்பது அறுவையைவிடக் கடினம்.

அப்படியானால் எந்த வயதில் தைப்பது? சீக்கிரம் தைத்தால் பேச்சுக்கு நல்லது என்பது நெடுநாள் ஊகம். 2023இல் வெளியான ‘டாப்ஸ்’ ஆய்வு இதற்கு உறுதியான விடை தந்தது. ஐரோப்பா, தென் அமெரிக்காவின் 23 மையங்களில், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதத்திலும் மறுபாதிக்குப் பன்னிரண்டு மாதத்திலும் அறுவை செய்தார்கள். ஐந்து வயதில் மூக்கு வழி சரியாக அடையாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15 சதவீதம். ஆறு மாதக் குழந்தைக்குப் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்க ஆளும் வசதியும் இருக்கிற இடத்துக்கே இந்த விடை பொருந்தும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பேச்சுக்கு நல்லது தாடைக்கு நல்லதா என்பது தனிக் கேள்வி. பதில் கிடைத்த இடங்களில் ஒன்று இலங்கை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல் சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ், 1980களில் இலங்கைக் குழுவினரோடு சேர்ந்து ஒரு நீண்ட திட்டத்தைத் தொடங்கினார். அறுவையே செய்துகொள்ளாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்கள் அன்று அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களின் தாடைகளை அளந்தபோது தெரிந்தது வியப்பானது: உதடும் அண்ணமும் பிளந்தே இருந்தாலும் மேல்தாடை முன்னோக்கி ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. குழந்தையிலேயே அண்ணம் தைக்கப்பட்டவர்களில்தான் முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கி, கீழ்த்தாடை முந்தி நின்றது. வளர்ச்சியைத் தடுப்பதில் பிளவுக்கு இருக்கும் பங்கைவிட, திசுவைப் பெயர்த்த இடத்தில் வெற்றெலும்பின் மேல் உண்டாகும் தழும்புக்கே பங்கு அதிகம்.

அப்படியென்றால் தைக்காமல் விட்டுவிடலாமா? ஜெர்மனியின் ஷ்வெக்கன்டீக் வன்மையண்ணத்தைப் பன்னிரண்டு வயதுக்கு மேல்வரை மூடாமல் விட்டுப் பார்த்தார். தாடை அருமையாக வளர்ந்தது, பேச்சு மோசமாகிவிட்டது. கோதன்பர்க் அணி மென்மையண்ணத்தை முதலில் தைத்து, வன்மையண்ணத்தைத் தள்ளிப்போட்டது. பிறகு அந்தத் தள்ளிப்போடலையும் குறைத்துக்கொண்டது. தாடைக்காகப் பேச்சை விலை பேச முடியாது என்றே நானும் நினைக்கிறேன். உள்வாங்கிய தாடையை இருபது வயதில் முன்னுக்குக் கொண்டுவர முடியும். இருபது வயதுப் பேச்சை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆனால் தைப்பவர் கையின் பக்குவம் இந்த விலையைக் குறைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தழும்பு எவ்வளவு என்பதை முறையின் பெயர் தீர்மானிப்பதில்லை.

முறைகளின் பெயரை நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ‘யூரோகிளெஃப்ட்’ திட்டம் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவின் 201 பிளவு சிகிச்சை அணிகளைக் கேட்டபோது, ஒரே வகைப் பிளவுக்கு மட்டும் 194 விதமான நடைமுறைகள் இருந்தன. கிட்டத்தட்ட ஆளுக்கொரு வழி. பிரிட்டனில் 1998இல் வந்த அரசு மதிப்பீடு இன்னும் கசப்பானது. 57 அணிகள் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நோயாளிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. எலும்பு ஒட்டு உட்படப் பல சிகிச்சைகளின் விளைவுகள் ஐரோப்பாவின் நல்ல மையங்களைவிட மோசமாக இருந்தன. முறையை மாற்றச் சொல்லாமல், அணிகளைக் குறைத்து ஒவ்வொன்றும் அதிகம் பேரைப் பார்க்கும்படி செய்யச் சொன்னது அந்த அறிக்கை. அப்படியே செய்தார்கள்.

இனி அந்த ஒன்பது வயது.

உதடும் அண்ணமும் மூடியபின்னும், பற்கள் நிற்கும் வரம்பில் ஒரு இடைவெளி அப்படியே இருக்கும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ஒரு பள்ளமாக இறங்கி ஏறும். பள்ளத்தின் ஓரத்தில் கோணலாக ஒரு முன்பல், சில சமயம் தேவையில்லாத ஒரு குட்டிப்பல். பிரஷ் பட்டால் கூசுவதால் பிள்ளைகள் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. சொத்தை அங்கேதான் முதலில் வரும். உள்ளே ஒரு சின்ன வழி மூக்குக்குத் திறந்திருந்தால் ரசம் சாப்பிடும்போது மூக்கில் வந்து எரியும். இருபுறமும் பிளந்தவர்களுக்கு நடு முன்துண்டு தனியாக ஆடும். விரலால் தொட்டாலே அசையும்.

1950களிலும் 60களிலும் கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்த இடத்தில் எலும்பை வைத்துப் பார்த்தார்கள். தாடை வளர்ச்சி கெட்டதைக் கண்டு பெரும்பாலான மையங்கள் கைவிட்டன. 1972இல் அமெரிக்காவின் பாய்ன், சாண்ட்ஸ் இருவரும், பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வரும் கட்டத்தில் வைக்கலாம் என்றார்கள். 1986இல் ஓஸ்லோவின் பெர்க்லாண்ட், செம்ப், ஓபிஹோம் மூவரும் தங்கள் நோயாளிகளின் நீண்ட தொடர் முடிவுகளை வெளியிட்டபின் அதுவே நடைமுறையானது. குறி கோரைப்பல். எக்ஸ்ரேயில் அதன் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை உருவாகியிருக்க வேண்டும். பல் இன்னும் பிளவை எட்டியிருக்கக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வரும்.

அறுவையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும். சில மாதங்களுக்கு முன்பே கம்பி போட்டு, குறுகிப்போன மேல்தாடையை அகலப்படுத்தியிருப்பார்கள். அறுவையன்று பிளவின் இரு கரையிலும் ஈறைக் கீறி விலக்கி, மூக்குப் பக்கத்து உறையைத் தனியாகப் பிரித்து மேலே தைத்து ஒரு தளம் போடுவார்கள். அண்ணத்துப் பக்கமும் மூடப்படும். இப்போது மேலும் பின்னும் அடைபட்ட ஒரு வெற்றுக் குழி. இன்னொரு பக்கம், இடுப்பெலும்பின் விளிம்பில் சின்னதாகக் கீறி, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற சிவந்த எலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். சில மில்லிலிட்டர் போதும். அதைக் குழியில் அடைத்து அழுத்தி, மேலே ஈறைக் கொண்டுவந்து இழுவையில்லாமல் தைக்க வேண்டும். தையல் இறுக்கமாக இருந்தால் விட்டுப்போகும். விட்டுப்போனால் எலும்பு சீழாக வெளியே வந்துவிடும். பிள்ளை சில நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டும். வாய் வலியைவிட இடுப்பு வலியைத்தான் அதிகம் சொல்லும்.

பிறகு நடப்பதுதான் இந்த அறுவையின் அழகு. வைத்த எலும்பு கரைந்து புது எலும்பாக மாற, மேலே காத்திருந்த கோரைப்பல் தானாகவே அதற்குள் இறங்கி வரும். பல் வந்துவிட்டால் எலும்பும் நிற்கும். மெல்லும் விசை படாத எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. பதினைந்து, பதினாறு வயதில், கோரைப்பல் வேறு பாதையில் முளைத்து முடிந்தபின் எலும்பு வைத்தால் வெற்றி விகிதம் குறைகிறது என்று அன்றிலிருந்து வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இடுப்பைத் தொடாமல் எலும்பு வளர்க்கும் புரதங்களைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. வீக்கமும் விலையும் அவற்றின் பலவீனம். பிள்ளையின் சொந்த இடுப்பெலும்புக்கு இன்னும் சரியான மாற்று வரவில்லை.

தாடை உள்வாங்கியவர்களுக்கு வளர்ச்சி நின்றபின் மேல்தாடையை அறுத்து முன்னுக்கு நகர்த்தும் அறுவை உண்டு. நகர்த்த வேண்டிய தூரம் அதிகமென்றால், கருவி பொருத்தி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டுகிறார்கள். தாடை முன்னே போகும்போது அண்ணமும் கூடவே போவதால் சிலருக்குப் பேச்சில் மூக்கொலி கூடும். முன்கூட்டியே இதைச் சொல்லாத மருத்துவரிடம் கையெழுத்துப் போடக் கூடாது.

பல்லுக்கு வருவோம். பிளவுப் பக்கத்துப் பக்க வெட்டுப்பல் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உருவாகவே இல்லை. உருவானாலும் குட்டையாகவோ கோணலாகவோ இருக்கும். நடு வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு இடத்தை எப்படி நிரப்புவது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு.

ஒரு கட்சி, இடத்தையே மூடிவிடு என்கிறது. கோரைப்பல்லைக் கம்பியால் முன்னுக்கு இழுத்துப் பக்க வெட்டுப்பல்லின் இடத்தில் நிறுத்தி, நுனியைத் தேய்த்து, நிறம் சேர்த்து உருவத்தை மாற்றிவிடலாம். ஓஸ்லோ அணி பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்தது. பதினாலு, பதினைந்து வயதில் சிகிச்சை முடிந்துவிடும். சொந்தப் பல், சொந்த வேர், எலும்பும் நிற்கும்.

மற்றக் கட்சி, இடத்தைத் திறந்து வைத்து இம்ப்ளான்ட் வை என்கிறது. மேல்தாடை ஏற்கனவே சிறுத்தவர்களுக்கு, பல் வரிசையை இன்னும் குறுக்கினால் முகம் மேலும் உள்வாங்கும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் காத்திருப்பு நீண்டது. இயற்கைப் பல்லைச் சுற்றி நார்ச்சவ்வு இருக்கிறது. தாடை வளர வளர அது இறங்கி வரும். இம்ப்ளான்டுக்கு அந்தச் சவ்வு இல்லை, எலும்போடு இறுகி அசையாமல் நிற்கும். வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு வைத்தால், பக்கத்துப் பற்கள் கீழிறங்க, வைத்த பல் மட்டும் மேலே தங்கிக் குட்டையாகிவிடும். பெண்களுக்கு 17, 18 வயது, ஆண்களுக்கு இருபதைத் தாண்டி என்று காத்திருக்கச் சொல்வது இதனால்தான். அதற்குள் ஒன்பது வயதில் வைத்த எலும்பு, மேலே பல் இல்லாததால், மெலிந்துபோயிருக்கும். உயரம் இருக்கும், அகலம் இருக்காது. திருகைச் சுற்றிலும் எலும்பு வேண்டுமென்றால் வரம்பின் அகலம் ஆறு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஆகவே முகவாயிலிருந்தோ தாடையின் பின்பகுதியிலிருந்தோ மறுபடியும் எலும்பு எடுத்து வைத்து, நாலைந்து மாதம் விட்டு, அது கரையத் தொடங்குவதற்குள் திருகைப் பதிக்க வேண்டியிருக்கிறது. பலமுறை தைத்த ஈறு மெலிந்து தழும்பேறி இருக்கும். அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டாமல் சிலருக்கு முடியாது.

இவ்வளவுக்குப் பிறகு விளைவு எப்படி? தொகுப்பு ஆய்வுகளில் பிளவு இடத்து இம்ப்ளான்டுகளின் ஐந்தாண்டுத் தாக்குப்பிடிப்பு 90 சதவீதத்தை ஒட்டி வருகிறது. சாதாரணத் தாடையைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் மோசமில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, நல்ல மையங்களிலிருந்து வந்தவை என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். திருகு நிற்பது ஒன்று. பல் அழகாகத் தெரிவது வேறொன்று. ஈறின் கோடு பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகாமல் பல் நீண்டு தெரிவது சகஜம். தழும்பேறிய மேலுதடு அதிகம் மேலே ஏறாது என்பதால் சிரிக்கும்போது அந்தக் குறை மறைவது ஒரு சின்ன அதிர்ஷ்டம்.

கோரைப்பல்லை நகர்த்த முடிகிற பிள்ளைக்கு நகர்த்துவதே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் எண்ணம். பதினைந்து வயதில் முடியும் சிகிச்சையைக் குடும்பம் தாங்கும். இருபது வயதுவரை கழற்றி மாட்டும் பல்லோடு கல்லூரிக்குப் போய், பிறகு வேலைக்கு வெளியூர் போய்விட்டவர், மறு எலும்பு ஒட்டுக்குத் திரும்பி வருவது அரிது. இம்ப்ளான்டுக்கு நேரமும் பணமும் உள்ளவர்களிலும் சிலருக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் எளிய பாலம் வருடக்கணக்கில் போதுமானதாக இருக்கிறது.

இம்ப்ளான்ட்தான் விடை என்று தயங்காமல் சொல்லக்கூடியது பெரியவர்களிடம். எலும்பு ஒட்டே நடக்காமல், முன்துண்டு ஆடிக்கொண்டே இருந்து, முப்பது நாற்பது வயதில் மேல்வரிசைப் பற்களைப் பெரும்பாலும் இழந்தவர்களுக்குச் சாதாரண பல்செட் நிற்காது. மேடில்லாத தழும்பு அண்ணத்தில் உறிஞ்சிப் பிடிக்க இடமில்லை. கன்ன எலும்பிலேயே போய் ஊன்றும் நீளத் திருகுகளை பிரோனமார்க் உருவாக்கியது இப்படித் தாடை எலும்பை இழந்தவர்களுக்காகத்தான். அவற்றின் மேல், ஓட்டையையும் அடைத்துப் பற்களையும் தாங்கும் தட்டைப் பொருத்திவிடலாம். பிற்காலத்தில் அவர் தன் பெயரிலான நிறுவனத்தை பிரேசிலின் பௌரு நகரில் அமைத்தார். சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பிளவு மருத்துவமனை 1967 முதல் இயங்கும் ஊர் அது.

நம் பக்கம் தேர்ந்த கைகளுக்குக் குறை இல்லை. திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் எச்.எஸ். ஆடன்வாலா 1959 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் பிளவுக் குழந்தைகளுக்கு அறுவை செய்தார். சென்னை போரூர் ராமச்சந்திரா போன்ற மையங்களில் அறுவை, பல் சீரமைப்பு, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் உண்டு. 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனம் வந்தபின் உதடும் அண்ணமும் தைப்பது பல ஊர்களில் ஏழைகளுக்கு இலவசமானது. ஆனால் பணம் அறுவையின் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. முகாம் நடத்தினால் எத்தனை உதடு என்று கணக்கு வரும்; அவர்களில் எத்தனை பேர் ஒன்பது வயதில் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கு வருவதில்லை. ‘தையல் போட்டாச்சே, இன்னும் என்ன?’ என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. அண்ணம் தைத்த அன்று அவர்கள் கையில் கொடுத்த சீட்டில் அடுத்த பத்தாண்டுக்கான வரி ஒன்றும் இருப்பதில்லை.

அந்த வரியை எழுத ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பிறப்பிலிருந்து 18 வயதுவரை உள்ள குழந்தைகளைப் பார்க்கும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கொரு முறை வருகின்றன. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அவர்கள் பட்டியலில் உள்ளவை. அனுப்பி வைக்க மாவட்ட அளவில் இடையீட்டு மையங்களும் அவற்றில் பல் மருத்துவர் பணியிடமும் உண்டு. பிறந்த குழந்தையின் பிளவைக் கண்டுபிடிப்பதோடு அவர்கள் பார்வை நின்றுவிடுகிறது. நாலாம் வகுப்பில் உதட்டில் தழும்புள்ள ஒரு பிள்ளையைப் பார்த்தால், மேலுதட்டைத் தூக்கி, ஈறில் பள்ளம் இருக்கிறதா, கோரைப்பல் வந்துவிட்டதா, இடுப்பெலும்பு வைத்தாயிற்றா என்று மூன்றையும் குறித்துக்கொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகாது. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.